மாதிரி விமானங்களில் ரிசீவரின் எல்லையும் அதைப் பொருத்தும் முறையும்

தரையில் நிற்பவரின் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர் வெளியிடும் வானொலி அலையை, பறந்துகொண்டிருக்கும் மாதிரி விமானத்தின் உடற்கூட்டுக்குள் இருக்கும் ரிசீவர் வாங்கி, அதில் அடங்கிய கட்டளைகளைத் தனித்தனியே பிரித்து, இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பரப்புகளைத் திருப்பும் சிறு மின்பொறிகளான செர்வோக்களுக்கு அனுப்புகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இரண்டொரு நொடி அறுந்தாலும் விமானம் எவர் கட்டுப்பாட்டிலும் இல்லாத பொருளாகிவிடும். கட்டளை பிழையின்றிப் போய்ச்சேரும் மிகுதொலைவே ரிசீவரின் எல்லை எனப்படுகிறது. ரிசீவர் வாங்குவோர் இந்த எல்லையை அக்கருவிக்கே உரிய குணமாகக் கருதி, அது எத்தனை மீட்டர் என்று கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு நிறைவடைகின்றனர். ஆனால் ஒரே ரிசீவர் ஒரு விமானத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலும் கட்டளையைத் தவறவிடாமல் ஏற்க, மற்றொரு விமானத்தில் 150 மீட்டரிலேயே தடுமாறுவது, கணக்கிட்டுக் காட்டக்கூடிய இயற்பியல் உண்மை. எல்லையின் ஒரு பாதி தொழிற்சாலையில் உருவாகிறது என்றால் மறுபாதி விமானத்தைக் கட்டுபவரின் மேசையில் உருவாகிறது என்பதும், விபத்துகளுக்கு இடங்கொடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியே என்பதும் இவ்வுரையில் நிறுவப்படுகின்றன.

கம்பியில்லாமல் ஓர் ஊர்தியைச் செலுத்த முடியும் என்பதை 1898ஆம் ஆண்டு நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நிகோலா டெஸ்லா ஒரு சிறு படகைக் கொண்டு காட்டினார். அந்தத் திறன் மாதிரி விமானப் போட்டிகளுக்குள் நுழைய ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரைச் சேர்ந்த இரட்டையர்களான வால்ட்டர் குட், வில்லியம் குட் ஆகியோர் உருவாக்கிய 'கஃப்' என்னும் விமானம் 1938இல் டெட்ராய்ட்டில் நடந்த தேசியப் போட்டியின் வானொலிக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வென்றது. அது இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வான், விண்வெளி அருங்காட்சியகத்துக்கு உரியதாக இருக்கிறது. அக்காலத்திலும் அதன் பின்னர் நெடுநாளும் பயன்பட்டது, எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1922இல் அறிவித்த சூப்பர்ரீஜெனரேட்டிவ் என்னும் சுற்று. ஒரே ஒரு வெற்றிடக் குழாயைக் கொண்டே மிக மெல்லிய அலையையும் பெரிதாக்கிக் கொடுத்த அந்தச் சுற்றுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. பக்கத்து அதிர்வெண்களையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். அதனால் ஒரு திடலில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பறக்கவிட முடிந்தது.

அதே ஆம்ஸ்ட்ராங் 1918இலேயே கண்டறிந்திருந்த சூப்பர்ஹெட்டரோடைன் முறை, டிரான்சிஸ்டர்கள் மலிவான பின்னரே மாதிரி விமானங்களுக்குள் வந்தது. வரும் அலையை, ரிசீவருக்குள் உள்ள ஒரு குவார்ட்ஸ் படிகம் உண்டாக்கும் அதிர்வோடு கலந்து, 455 கிலோஹெர்ட்ஸ் போன்ற ஒரு நிலையான இடைநிலை அதிர்வெண்ணுக்கு இறக்கி, அங்கே குறுகிய வடிகட்டிகளால் வேண்டாதவற்றை நீக்குவது இம்முறை. இதன் பயனாக 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என ஆறு நிறங்களால் குறிக்கப்பட்ட ஆறு அலைவரிசைகளில் ஆறு பேர் ஒரே நேரத்தில் பறக்கவிட வழி பிறந்தது. தம் அலைவரிசையின் நிறத்தில் ஒரு துணிப்பட்டையை ஒவ்வொருவரும் டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவில் கட்டிக்கொண்டனர். அதே பகுதியில் சாலையோர உரையாடலுக்கான சிட்டிசன்ஸ் பேண்ட் வானொலிகள் 1970களில் பெருகியபோது விமானங்கள் காரணம் புரியாமல் விழத் தொடங்கின. அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸும் பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் 35 மெகாஹெர்ட்ஸும் வான் மாதிரிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட காலத்தில் அந்தத் தொல்லை குறைந்தது.

அந்தக் காலத்து ரிசீவரிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பி ஒன்று தொங்கும், அதுவே ஆன்டெனா. வானொலி அலை ஒரு முழு அதிர்வுக்குள் கடக்கும் தொலைவு அலைநீளம் எனப்படும். அதில் நான்கில் ஒரு பங்கு நீளமுள்ள கம்பி அந்த அலையை நன்கு ஏற்கும். 72 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4.16 மீட்டர், அதன் கால்பங்கு 1.04 மீட்டர். 35 மெகாஹெர்ட்ஸில் அலைநீளத்தின் கால்பங்கு இரண்டு மீட்டரைத் தாண்டுவதால் அவ்வளவு நீளக் கம்பியை விமானத்தில் இழுத்துக் கட்டுவது நடவாத காரியமாகி, குறுகிய கம்பிக்கு ஏற்றவாறு ரிசீவரின் உள்சுருள் இசைவிக்கப்பட்டது. ஆகவே கம்பி நீளமாக இருக்கிறதே என்று வெட்டியவரும், உடற்கூட்டுக்குள் மடித்து மடித்துச் சுருட்டி வைத்தவரும் தம் விமானத்தின் எல்லையைத் தாமே குறைத்துக்கொண்டனர். கம்பியை ரிசீவரிலிருந்து உடனே வெளியே எடுத்து, செர்வோ கம்பிகளையும் உலோகத் தள்ளுகோல்களையும் ஒட்டிச் செல்லவிடாமல், வாலின் உச்சிவரை நேராக இழுத்து ஒரு சிறு ரப்பர் வளையத்தில் முடிந்து வைப்பதே அன்றைய நல்ல வழக்கம். உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகள் வானொலி இரைச்சலை எழுப்பும் என்பதால் அவற்றில் ஒரு புறம் நைலான் பயன்பட்டது; தூரிகை மின்மோட்டார்களின் முனைகளில் பொறியை அடக்கச் சிறு மின்தேக்கிகள் பற்றவைக்கப்பட்டன; பெரிய விமானங்களின் இறக்கைக்குள் நீண்டு செல்லும் செர்வோ கம்பிகள் தாமே ஆன்டெனாவாகிவிடாதபடி ஃபெரைட் வளையங்கள் மாட்டப்பட்டன. படிகம் ஒரு மெல்லிய குவார்ட்ஸ் தகடு என்பதால் முரட்டுத் தரையிறக்கத்தில் உடையும். எஞ்சினின் அதிர்வும் அதற்குப் பகை. ரிசீவரை நுரைரப்பரில் சுற்றி வைக்கும் பழக்கம் வந்தது இதனால்தான்.

அலைவரிசைக்கு ஒருவர் என்னும் ஒழுங்கைக் காத்தது ஒரு பலகையும் சில துணிக்கவ்விகளும். திடலின் வாயிலில் நிற்கும் பலகையில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு கவ்வி. பறக்கவிட விரும்புபவர் தம் எண்ணுக்குரிய கவ்வியை எடுத்து டிரான்ஸ்மிட்டரில் மாட்டிய பின்னரே அதை இயக்கலாம். கவ்வி பலகையில் இல்லையென்றால் அந்த எண்ணில் வேறொருவர் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். ஒருவர் மறந்துபோய்ச் சுவிட்சைத் தட்டினாலும் மற்றவரின் விமானம் நொறுங்கிய அக்காலத்தில், ஒருவருக்கொருவர் காட்டிய இந்த நேர்மையே மிகச் சிறந்த பாதுகாப்புக் கருவியாக இருந்தது என்றால் மிகையாகாது.

2000களின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் சந்தைக்கு வந்ததும் கவ்விப் பலகைகள் மெல்ல மறைந்தன. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை விரிந்த இப்பகுதியில் டிரான்ஸ்மிட்டர் தன் தகவலை அகலமாகப் பரப்பியோ, நொடிக்குப் பல முறை அதிர்வெண்ணை மாற்றித் தாவித்தாவியோ அனுப்புகிறது. அதிர்வெண் தாவலுக்கும் தொலைவியக்கத்துக்கும் உள்ள உறவு பழையது. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டீலும் 1942இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, எதிரி குறுக்கிட முடியாதபடி டார்பிடோவை வானொலியால் செலுத்துவதற்காகவே எழுதப்பட்டது. இன்றைய முறையில் ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் தனி அடையாள எண் உண்டு. 'பைண்டிங்' என்னும் இணைப்புச் செயலின்போது ரிசீவர் அந்த எண்ணை நினைவில் கொள்கிறது. அதன்பின் வேறு எவருடைய கட்டளையையும் ஏற்பதில்லை. இந்தியாவில் இந்த அலைப்பகுதியில் குறைதிறன் கருவிகளை உரிமமின்றி இயக்க 2005இல் அரசு விதிவிலக்கு அளித்தது. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் புழங்கும் இதே பகுதியில் பலர் ஒருங்கே பறக்கவிட்டாலும் ஒருவரையொருவர் வீழ்த்துவதில்லை என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் அலைவரிசை மோதல் என்னும் பழைய ஆபத்து ஒழிந்த மகிழ்ச்சியில், அலை குறுகியதால் நுழைந்த புதிய ஆபத்துகள் பலர் கண்ணுக்குத் தப்பின. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர்தான். நான்கு மீட்டர் அலைக்கு ஒரு பொருட்டாகத் தோன்றாத பேட்டரியும் மோட்டாரும் இந்த அலைக்கு முன்னால் சுவராக நிற்கின்றன.

இந்த இடத்தில் சிறிது கணக்கு வேண்டியிருக்கிறது. ஆன்டெனாவிலிருந்து புறப்பட்ட ஆற்றல், விரியும் கோளத்தின் பரப்பு முழுவதும் பங்கிடப்படுவதால் தொலைவு இரட்டித்தால் கிடைக்கும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும்; தொலைவு பத்து மடங்கானால் ஆற்றல் நூறில் ஒரு பங்காகும். இத்தகைய மடங்குகளைப் பொறியாளர்கள் டெசிபெல் என்னும் அளவால் எழுதுவர்: ஆற்றல் பத்தில் ஒன்றாவது 10 டெசிபெல் இழப்பு, நூறில் ஒன்றாவது 20 டெசிபெல் இழப்பு. ஐரோப்பிய விதிகள் அனுமதிக்கும் 100 மில்லிவாட் திறனோடு அலை புறப்பட்டு, எல்லாத் திசையிலும் சமமாகப் பரவி, இடையில் எந்தத் தடையும் இல்லாமல் ஒரு கிலோமீட்டர் சென்றால், ரிசீவரின் ஆன்டெனாவில் சேர்வது ஏறத்தாழ 10 பிக்கோவாட், அதாவது அனுப்பியதில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. நல்ல ரிசீவர்கள் அதிலும் நூறில் ஒரு பங்கைக் கொண்டே கட்டளையைப் படித்துவிடும் திறன் பெற்றவை என்பதால், ஒரு கிலோமீட்டரில் 20 டெசிபெல் அளவுக்குக் கையிருப்பு இருக்கிறது. இந்தக் கையிருப்பே எல்லையின் உண்மையான பொருள். பொருத்தும் முறையில் நேரும் ஒரு தவறு 20 டெசிபெலை விழுங்கினால், எல்லை பத்தில் ஒன்றாகச் சுருங்கும். ஒன்றரைக் கிலோமீட்டர் 150 மீட்டரானது இப்படித்தான்.

மனிதக் கண்ணின் எல்லை இதைவிட மிகக் குறைவு என்று சிலர் அமைதி கொள்வதுண்டு. ஒன்றரை மீட்டர் இறக்கை நீளமுள்ள ஒரு விமானம் 500 மீட்டர் தொலைவில் முழு நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காகத் தோன்றும். அது தன்னை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று சொல்வதே அரிது. ஆகவே பெரும்பாலோர் சில நூறு மீட்டருக்குள்ளேயே பறக்கவிடுகின்றனர். அப்படியானால் கிலோமீட்டர்க் கணக்கில் எல்லை எதற்கு என்னும் கேள்வி நியாயமானதாகத் தோன்றலாம். விடை கையிருப்பில் இருக்கிறது. விமானம் நேராகவும் மட்டமாகவும் பறக்கும்போது கிடைக்கும் அலைவலிமை, அது சாய்ந்து திரும்பும்போது, தலைகீழாகப் புரளும்போது, மூக்கை நேராகத் தரையை நோக்கி நீட்டும்போது பல மடங்கு ஏறி இறங்குகிறது. 300 மீட்டரில் நிகழும் அந்த இறக்கத்தைத் தாங்குவதற்கே கிலோமீட்டர் அளவிலான எல்லை தேவைப்படுகிறது.

ஏற்ற இறக்கத்துக்கு முதற்காரணம் ஆன்டெனாவின் இயல்பே. கால்அலைக் கம்பி எல்லாத் திசைக்கும் ஒன்றுபோல் இயங்குவதில்லை. செங்குத்தாக நிற்கும் கம்பியைச் சுற்றி அலை பரவும் வடிவம் நடுவில் ஓட்டையுள்ள உளுந்து வடையை ஒத்தது. பக்கவாட்டில் வலிமை மிகுந்தும், கம்பியின் நுனி காட்டும் திசையில் ஏறக்குறைய வெறுமையாகவும் இருக்கும். இதனால்தான் டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனா நுனியை விமானத்தை நோக்கி நீட்டுவது, இயல்பாக வரும் கைவழக்கமாயினும், மிகத் தவறானது. அதைப் பக்கவாட்டில் மடக்கி, நுனி எக்காலத்தும் விமானத்தின் பக்கம் திரும்பாதவாறு வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது காரணம் முனைவாக்கம் எனப்படும் அலையின் அதிர்வுத் திசை. கம்பி நிற்கும் திசையிலேயே அலை அதிர்வதால், செங்குத்தான ஆன்டெனா அனுப்பியதைக் கிடையான ஆன்டெனா மிக மங்கலாகவே பெறும். நடைமுறையில் இதன் இழப்பு 20 டெசிபெலைத் தொடக்கூடும். வானில் விமானம் எந்தக் கோணத்தில் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே ரிசீவருக்கு இரண்டு ஆன்டெனாக்கள் தரப்பட்டு, அவை ஒன்றுக்கொன்று 90 பாகைக் கோணத்தில் பொருத்தப்படுகின்றன. ஒன்று மங்கும் நிலையில் மற்றொன்று தெளிவாகக் கேட்கும். இரண்டையும் இணையாக ஒட்டிவைப்பவர் இரண்டாவது ஆன்டெனாவுக்குக் கொடுத்த விலையை வீணாக்குகிறார் என்பது கடுமையான கூற்றாகப் படலாம். ஆனால் அதுவே உண்மை.

மூன்றாவது காரணம் நிழல். பால்சா மரம், ஒட்டுப்பலகை, நுரைப்பலகை, கண்ணாடியிழை, கெவ்லர் ஆகியவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஏறத்தாழ ஒளி ஊடுருவும் கண்ணாடிக்குச் சமம். கரிம இழை அப்படியன்று. அது மின்சாரத்தைக் கடத்துவதால் அலையைத் திருப்பி அனுப்பியும் விழுங்கியும் தடுத்துவிடும். முழுவதும் கரிம இழையால் ஆன உடற்கூட்டுக்குள் ஆன்டெனாவை வைப்பது அதை உலோகப் பெட்டியில் பூட்டுவதற்கு ஒப்பாகும். உயர்தர கிளைடர் செய்வோர் இதனை உணர்ந்து, இறக்கைக்கு முன்னுள்ள மூக்குப் பகுதியை மட்டும் கண்ணாடியிழையாலோ கெவ்லராலோ வார்க்கின்றனர். அப்படி இல்லாத உடற்கூட்டில் சிறு துளையிட்டு ஆன்டெனாவின் செயல்முனையை வெளியே நீட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கரிம இழையோடு சேர்த்து எண்ண வேண்டியவை லித்தியம் பேட்டரியின் கட்டி, மோட்டார், எஞ்சின், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, செர்வோக்களின் கூட்டம், உலோகப் புகைக்குழல் ஆகியன. இவற்றில் எது ஆன்டெனாவுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் இடையில் வருகிறதோ, அதன் பின்னால் ஒரு நிழல் விழுகிறது. விமானம் திரும்பத் திரும்ப நிழலும் இடம் மாறுகிறது. பெரிய விமானங்களில் முதன்மை ரிசீவரோடு துணை ரிசீவர் ஒன்றையோ இரண்டையோ குட்டைக் கம்பியில் இணைத்து உடற்கூட்டின் வேறு மூலைகளில் வைப்பது, ஒரே நிழல் எல்லா ஆன்டெனாக்களையும் ஒருசேர மூடிவிடக்கூடாது என்பதற்காகவே.

ஒரு பயிற்சி விமானத்தின் உள்ளே நிகழவேண்டிய வேலையை அருகில் நின்று பார்த்தால் இவையெல்லாம் தெளிவுபடும். ஒன்றரை மீட்டர் இறக்கையும் 6.5 கனசென்டிமீட்டர் எஞ்சினும் கொண்ட விமானத்தில், எஞ்சின் தடுப்புச்சுவருக்குப் பின்னால் எரிபொருள் தொட்டி, அதன் அடியில் பேட்டரி, இறக்கைக்குக் கீழே செர்வோ தட்டு என்பதே வழக்கமான வரிசை. ரிசீவருக்கு எஞ்சுவது தொட்டிக்கும் செர்வோக்களுக்கும் இடைப்பட்ட சிறு அறை. ரிசீவரை நுரைரப்பரில் தளர்வாகச் சுற்றி அந்த அறையில் வைத்தால் எஞ்சின் அதிர்வு அதை எட்டாது. இறுக்கிச் சுற்றி ரப்பர் வளையம் போட்டால் நுரை தன் மென்மையை இழந்து அதிர்வைக் கடத்தத் தொடங்கிவிடும். ரிசீவரிலிருந்து வரும் இரண்டு மெல்லிய கம்பிகளும் முழுமையாக ஆன்டெனா அல்ல. அவற்றின் பெரும்பகுதி, உள்கம்பியைச் சுற்றிப் பின்னிய உலோகவலையால் மூடப்பட்ட கோஆக்சியல் கேபிள், அலையை எடுத்துச்செல்லும் குழாய் மட்டுமே. வலை நீக்கப்பட்டு வெளியே தெரியும் நுனியின் 31 மில்லிமீட்டரே, 12.5 சென்டிமீட்டரின் கால்பங்கே, உண்மையான ஆன்டெனா. கேபிள் எந்த வழியாகப் போனாலும் கேடில்லை. ஆனால் அந்த 31 மில்லிமீட்டர் நேராகவும் எதையும் தொடாமலும் நிற்க வேண்டும். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாயை வெட்டி, ஒரு துண்டை உடற்கூட்டின் பக்கச்சுவரில் செங்குத்தாகவும் மற்றொன்றை அடித்தளத்தில் கிடையாகவும் ஒட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நுனியைச் செருகுவது மலிவான, குறையில்லாத முறை. கேபிளைக் கூர்மையாக மடித்தால் உள்ளே வலை கிழிந்து, வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் அலையின் பெரும்பகுதி கசிந்துவிடும். நுனி அறுந்துபோன ஆன்டெனாவைச் சாதாரணக் கம்பியால் நீட்டி ஒட்டுவது பழுதுபார்ப்பு ஆகாது.

வெளிச்சூழலும் தன் பங்கைக் கேட்கிறது. விமானம் தொலைவில் தாழப் பறக்கும்போது டிரான்ஸ்மிட்டரிலிருந்து நேரே வரும் அலையும் தரையில் பட்டுத் தெறித்து வரும் அலையும் ஏறத்தாழ ஒரே நீளப் பாதையில் வந்து சேர்கின்றன; தரையில் தெறிக்கும்போது அலை தலைகீழாகத் திரும்புவதால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்க முற்படும். உயரே பறக்கையில் தொலைவு இரட்டித்தால் நான்கில் ஒன்றாகும் ஆற்றல், இந்த நிலையில் பதினாறில் ஒன்றாகிவிடும். 500 மீட்டர் உயரத்தில் குறையின்றிப் பறந்த விமானம், திடலின் மறுகோடியில் தரையை உரசிச் செல்லும்போது தடுமாறுவதன் காரணம் இதுவே. நேர்ப்பாதையைச் சுற்றிலும் சிறிது இடம் வெறுமையாக இருந்தால்தான் அலை குறையின்றிச் செல்லும். ஒரு கிலோமீட்டர் பாதையின் நடுவில் அந்த இடத்தின் ஆரம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். மரங்களின் ஈர இலைகள் இதற்குள் நுழைந்தால் இழப்பு உறுதி. மனித உடலும் பெரும்பாலும் நீரே. டிரான்ஸ்மிட்டரைக் கையில் வைத்துக்கொண்டு விமானத்துக்கு முதுகைக் காட்டுபவர் தம் உடலாலேயே அலையை மறைக்கிறார்.

அலையைப் பற்றிய இத்தனை கவலைக்கும் இடையே, எல்லை போனதாகச் சொல்லப்படும் விபத்துகளில் பல உண்மையில் அலைக்குத் தொடர்பே இல்லாதவை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய ரிசீவர் மின்னழுத்தம் குறைந்தால் மங்கலாக இயங்கும்; இன்றைய ரிசீவருக்குள் ஒரு சிறு கணினி இருப்பதால், அழுத்தம் ஏறத்தாழ மூன்றரை வோல்ட்டுக்குக் கீழே ஒரு கணம் இறங்கினாலும் அது அணைந்து மறுபடி தொடங்கும். மறுபடி டிரான்ஸ்மிட்டரைத் தேடி இணைய மூன்று நொடி ஆனால், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் அதற்குள் 60 மீட்டர் கடந்திருக்கும். தரையிலிருந்து பார்ப்பவருக்கு இது அலை அறுந்தது போலவே தோன்றும். டிஜிட்டல் செர்வோக்கள் ஒருசேரத் திரும்பும்போது இழுக்கும் மின்னோட்டம் எதிர்பார்ப்பதைவிட மிகுதி. மோட்டார் பேட்டரியிலிருந்தே ரிசீவருக்கும் மின்சாரம் தரும் பெக் என்னும் சுற்று, நேர்கோட்டு வகையாக இருந்தால் மிகுதி அழுத்தத்தை வெப்பமாக எரித்தே குறைக்கிறது: முழுதும் ஏற்றிய மூன்று செல் பேட்டரியின் 12.6 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கி 2 ஆம்பியர் கொடுக்கும்போது 15 வாட் வெப்பம் அந்தச் சிறு சுற்றிலேயே தங்குகிறது. அது சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டால் ரிசீவரும் உடன் அணையும். மூன்று செல்லுக்கு மேற்பட்ட பேட்டரிக்கும் நான்கைந்து செர்வோக்களுக்கும் சுவிட்சிங் வகைப் பெக்கோ தனி ரிசீவர் பேட்டரியோ கட்டாயம் என்றே கொள்ளலாம். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளில் எதிர்முனைக் கம்பியின் செம்பு உள்ளேயே கருத்துப்போய் மின்தடை ஏறுவதும், தளர்ந்த சுவிட்சும், துருவேறிய இணைப்பியும் இதே விளைவைத் தரும். விழுந்த விமானத்தைப் பிரித்துப் பார்ப்பவர் ஆன்டெனாவுக்கு முன் பேட்டரிக் கம்பியைத் தடவிப் பார்ப்பது அறிவுடைமை.

கட்டளை வராதபோது ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டிப் பதித்துவைப்பது ஃபெயில்சேஃப் ஆகும். இது விமானத்தைக் காப்பாற்றுவதற்கு அன்று, கீழே இருக்கும் மனிதரைக் காப்பாற்றுவதற்கு; ஆகவே மோட்டார் நிற்க வேண்டும் என்பதே அதன் முதல் விதி. இணைப்புச் செயலின்போது மோட்டாரின் வேகத்தை ஆளும் திராட்டில் குச்சி எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையையே சில ரிசீவர்கள் பதித்துக்கொள்கின்றன. குச்சி மேலே இருந்திருந்தால், அலை அறுந்த கணத்தில் விமானம் முழு வேகத்தோடு ஓடும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மெல்ல ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்தால் பதிவு சரியா என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யாத விமானத்தை மனிதர் கூடும் இடத்தில் பறக்கவிடுவது பொறுப்பற்ற செயல்.

எஞ்சியது, பொருத்திய முறை சரிதானா என்று அறியும் வழி. டிரான்ஸ்மிட்டரில் உள்ள எல்லைச் சோதனை நிலை, அனுப்பும் திறனைப் பெருமளவு குறைத்துவிடுகிறது. திறன் ஆயிரத்தில் ஒன்றானால் எல்லை ஏறத்தாழ முப்பத்திரண்டில் ஒன்றாகும். அந்நிலையில் 30 மீட்டருக்குக் குறையாமல் இயங்கும் விமானத்துக்கு முழுத் திறனில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் எல்லை உண்டு. விமானத்தைத் தரையில் கிடத்தாமல் முழங்கால் அளவு உயரமுள்ள மரமேசையில் வைத்து, உதவியாளர் ஒருவர் அதை மெல்லச் சுற்றித் திருப்ப, மற்றவர் முப்பது எட்டு நடந்துசென்று ஒவ்வொரு கட்டளையையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் நின்ற நிலையில் ஒரு முறையும், விமானத்தை நன்கு பிடித்துக்கொண்டு மோட்டார் ஓடும் நிலையில் மற்றொரு முறையும். இரண்டு முடிவுகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால் குற்றம் மோட்டாரின் இரைச்சலிலோ மின்வழங்கலிலோ இருக்கிறது. எந்தத் திசையில் திருப்பும்போது எல்லை குறைகிறதோ, அந்தத் திசையில் நிழல் விழுகிறது. பறந்து இறங்கிய பின் தவறிய கட்டளைகளின் கணக்கைக் காட்டும் பதிவுகளையும் சில ரிசீவர்கள் தருகின்றன: ஓர் ஆன்டெனா மட்டும் தவறவிட்டது மங்கல் எனவும், சட்டம் எனப்படும் ஒரு கட்டளைத் தொகுப்பை எல்லா ஆன்டெனாக்களும் ஒரே கணத்தில் தவறவிட்டது சட்ட இழப்பு எனவும் எண்ணப்படுகின்றன. ஸ்பெக்ட்ரம் என்னும் வணிகப்பெயரில் விற்கப்படும் கருவிகளின் முறையில் தொடர்ந்து 45 சட்டங்கள் இழக்கப்பட்டால், அதாவது ஏறத்தாழ ஒரு நொடி கட்டளையே வராவிட்டால், அது நிறுத்தம் எனப் பதிவாகும். மங்கல்கள் எண்ணற்று இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரே ஆன்டெனாவில் அவை குவிந்திருந்தால் அதை இடம் மாற்ற வேண்டும். நிறுத்தம் ஒன்றே ஒன்று பதிவானாலும் காரணம் தெரியும்வரை அந்த விமானம் மீண்டும் பறக்கக்கூடாது.

ஆகவே மாதிரி விமானம் பறக்கவிடும் ஒவ்வொருவரும், ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன்பும், விழுந்து பழுதுபார்த்த பின்னும், ரிசீவரையோ பேட்டரியையோ இடம் மாற்றிய பின்னும், இந்த எல்லைச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும்; மோட்டார் ஓடும் நிலையில் முப்பது எட்டு தொலைவிலேயே தடுமாறும் விமானத்தை அன்று பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட வேண்டும்.